120 சென்டிமீட்டர் கோட்டருகே ஒரு கோடை

திருத்துறைப்பூண்டிப் பக்கத்தில் பிறந்தவர்களிடம் 120 என்ற எண்ணைச் சொன்னால் அவர்களுக்கு மேட்டூர் அணைதான் நினைவுக்கு வரும். அணை நீர்மட்டத்தின் முழு அளவு 120 அடி. அது எத்தனை அடியில் நிற்கிறது என்பதை வைத்துத்தான் ஜூன் 12 அன்று குறுவைக்குத் தண்ணீர் திறப்பார்களா, அப்பா நாற்றங்கால் விடலாமா, அம்மாவின் நகை இந்த ஆண்டும் அடகுக்குப் போகுமா என்பதெல்லாம் எங்கள் ஊரில் முடிவாகும். அந்த அணை இருக்கும் சேலம் மாவட்டத்துக்கே இயற்பியல் படிக்க வந்த நான், 2023 ஜனவரியில் தொடங்கி மே கடைசி வரை, முதலில் சனி ஞாயிறுகளிலும் தேர்வு முடிந்த பிறகு வாரம் ஆறு நாளும், சேர்வராயன் மலை அடிவாரத்தை ஒட்டிய ஒரு பொழுதுபோக்குப் பூங்காவில் வேலை பார்த்தேன். அங்கே 120 என்பது ஒரு பலகையில் சிவப்பு வண்ணத்தில் இழுத்திருந்த கோடு. தலை அந்தக் கோட்டை எட்டாத பிள்ளைகளைக் கொலம்பஸில் ஏற்றக் கூடாது. கொலம்பஸ் என்று நம் ஊர்ப் பொருட்காட்சிகளில் சொல்வார்களே, முன்னும் பின்னும் ஊஞ்சலாடும் அந்தப் பெரிய கப்பல்தான். வரிசையில் நிற்பவர்களை எண்ணி உள்ளே விடுவது, மடிக்கு மேல் இறங்கும் கம்பி பூட்டிவிட்டதா என்று ஒவ்வொரு இருக்கையாக இழுத்துப் பார்ப்பது, கோட்டைக் காப்பது ஆகியவையே என் வேலை.

சம்பளம் ஒரு நாளைக்கு 450 ரூபாய். மதியச் சாப்பாடு பூங்காவிலேயே. வெளியூரிலிருந்து வந்து படிப்பவர்கள் இத்தகைய வேலைக்குக் கணக்குப் போடும்போது சம்பளத் தொகையை மட்டும் பார்த்து ஏமாந்துபோவார்கள். போய் வரும் செலவைக் கழித்த பிறகு நிற்பதுதான் சம்பளம். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் எனக்கு அந்த 450 ரூபாய் முழுதாக மிஞ்சியது; என்னோடு சேர்ந்த வகுப்புத் தோழன் பேருந்துக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் கொடுத்துக் கொடுத்துச் சலித்து இரண்டாம் மாதமே நின்றுவிட்டான். இன்னொரு செலவை நானும் முன்கூட்டி எண்ணியிருக்கவில்லை. மே மாதம் கல்லூரி விடுதியை மூடிவிடுவார்கள். பூங்காவில் ஆள் அதிகம் தேவைப்படும் மாதமும் அதுதான். அஸ்தம்பட்டியில் நான்கு பெண்களாகச் சேர்ந்து ஓர் அறை எடுத்தோம். ஒரு மாதத்துக்கு மட்டும் வாடகைக்குத் தர வீட்டுக்காரர்கள் தயங்கியதால், அந்த அறை கிடைப்பதற்குள் ஏப்ரலின் பாதி நாட்கள் அலைச்சலில் கழிந்தன.

வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் ஒரு ஞாயிற்றுக்கிழமையிலிருந்துதான் தொடங்க வேண்டும். மே முதல் வாரம், வெயில் மண்டையைப் பிளந்த நேரம். ஓமலூரிலிருந்து வந்த ஒரு குடும்பம் ஏறக்குறைய ஐம்பது நிமிடங்கள் வரிசையில் நின்று வாயிலுக்கு வந்து சேர்ந்தது. பெண் பிள்ளைக்கு ஆறு வயது இருக்கலாம். பலகை அருகே நிறுத்திப் பார்த்தால் கோட்டுக்கு இரண்டு விரற்கடை குறைவு. முடியாது என்றேன். அவளுடைய அப்பா சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். "நான் பக்கத்துலயே உட்கார்ந்து புடிச்சுக்கறேன்மா, இதுக்குன்னே வந்திருக்கோம்" என்று மெதுவாகக் கேட்டார். பின்னால் நின்றவர்கள் முனக ஆரம்பித்தார்கள். எனக்கு என் அப்பாவின் முகம் நினைவுக்கு வந்தது என்று இப்போது சொன்னால் அது சாக்குப்போக்காகத்தான் இருக்கும். ஏறச் சொன்னேன்.

எல்லோரும் உட்கார்ந்து கம்பிகள் இறங்கிய பிறகு நான் கட்டைவிரலை உயர்த்தினேன். கப்பல் நகரவில்லை. ஆபரேட்டர் அண்ணன் தன் அறையிலிருந்து இறங்கி நேராக அந்த இருக்கைக்கு வந்தார். அவர் அந்த அப்பாவைத் திட்டவில்லை. தன் கையை முஷ்டியாக மடக்கி, பிள்ளையின் தொடைக்கும் கம்பிக்கும் நடுவில் நுழைத்துக் காட்டினார். ஒரு முஷ்டி தாராளமாகப் போனது; அதற்கு மேலும் இடம் இருந்தது. "பாருங்க சார், நீங்க பக்கத்துல உட்கார்ந்ததாலதான் இந்தச் சந்து" என்றார்.

இயற்பியல் படிக்கும் எனக்கு அதுவரை புரியாமல் இருந்தது அந்த முஷ்டியைப் பார்த்தபோதுதான் புரிந்தது. ஒரு வரிசைக்கு ஒரே கம்பி. அது அந்த வரிசையில் பருமனானவரின் தொடையில் தட்டி நின்றுவிடும். பெரியவர் பக்கத்தில் உட்கார உட்கார, சிறியவருக்கு மேலே இடைவெளி கூடும். ஊஞ்சல் உச்சிக்குப் போய்த் திரும்பும் அந்த நொடியில் உடம்பு எடையிழந்து இருக்கையை விட்டு லேசாக எழும்பும். கடைசி வரிசைகளில் அது இன்னும் அதிகம். அப்போது பிள்ளையைப் பிடித்து வைப்பது கம்பி மட்டுமே, அப்பாவின் கை அல்ல. அதாவது, அன்பினால் ஒருவர் தரும் உறுதிமொழியே அங்கே ஆபத்தைக் கூட்டுகிறது. உயரக் கோடு வயதைக் கேட்பதில்லை, தைரியத்தைக் கேட்பதில்லை. இந்த உடம்பு இந்தக் கம்பிக்குப் பொருந்துமா என்பதைத்தான் கேட்கிறது. பிள்ளை அழுதுகொண்டே இறங்கினாள். ஏற்றிய பிறகு இறக்கப்பட்டதால், ஏற்றாமலே விட்டிருந்தால் அழுதிருக்கக்கூடியதைவிடப் பல மடங்கு அழுதாள்.

அன்று வேலை முடிந்து எல்லோரும் தட்டுவடை செட் கடையில் நின்றோம். அண்ணன் எனக்கும் ஒரு தட்டு வாங்கிக் கொடுத்தார். நறுக்கென்று ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். "நீ சரின்னு சொல்லி நான் இல்லைன்னா, அந்தப் பாப்பாவுக்கு நம்ம ரெண்டு பேரு மேலயும் கோவம் கண்ணு. கேட்லயே சொல்லிட்டா உன் மேல மட்டும்தான்" என்றார். அவ்வளவுதான். பீட்ரூட் துருவலையும் காரச் சட்னியையும் வைத்து மூடிய அந்தத் தட்டுவடையை என்னால் விழுங்க முடியவில்லை.

மறு வாரத்திலிருந்து நான் பிள்ளைகளின் உயரத்தை வாயிலில் வைத்து அளப்பதை விட்டுவிட்டேன். பலகையை வரிசையின் தொடக்கத்துக்கு மாற்றலாமா என்று சூப்பர்வைசரிடம் கேட்டதற்கு, அது ஆணியடித்து நிறுத்தியது என்ற பதில் வந்தது. ஆகவே துடைப்பக் குச்சி ஒன்றை 120 சென்டிமீட்டருக்கு வெட்டிக்கொண்டு, பத்து நிமிடங்களுக்கு ஒருமுறை வரிசையின் வாலுக்கு நடந்து போய், சந்தேகமாக இருக்கும் பிள்ளைகளை அங்கேயே அளந்தேன். ஐம்பது நிமிடங்கள் நின்றவரிடம் சொல்லும் மறுப்புக்கும் ஒரு நிமிடம் நின்றவரிடம் சொல்லும் மறுப்புக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லி முடியாது. இரண்டாமவர் பெரும்பாலும் சிரித்துக்கொண்டே வேறு பக்கம் போய்விடுவார். அளக்கும்போது செருப்பைக் கழற்றச் சொல்ல வேண்டும். கொண்டையை அழுத்திப் பார்க்க வேண்டும். குதிகாலைத் தூக்கி நிற்கும் பிள்ளைகளும் உண்டு, அவர்களை ரசிக்கலாம், ஏற்றக் கூடாது. பெற்றோரிடம் பேசுவதைவிடக் குந்தி உட்கார்ந்து பிள்ளையிடமே பேசுவது பலன் தரும் என்பதும், முடியாததைச் சொல்லும் அதே மூச்சில் அந்தப் பிள்ளை ஏறக்கூடிய ராட்டினம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கைகாட்ட வேண்டும் என்பதும் நாளாவட்டத்தில் படிந்தவை. "இருங்க, பார்க்கலாம்" என்ற சொல்லை மட்டும் அந்த வேலையில் வாயில் வரவிடக் கூடாது. நம்மவர்கள் அதைச் சம்மதமாகவே எடுத்துக்கொள்வார்கள்.

மழை நாட்களில் இதே சங்கடம் நூறு பேரோடு வரும். மே மாதத்து மதியம் மூன்று மணிக்கு மேல் அண்ணன் அடிக்கடி மலையைப் பார்ப்பார். சேர்வராயன் உச்சி கறுத்தால் அரை மணி நேரத்தில் அடிவாரத்தில் காற்று எழும்பும் என்பது அவருடைய கணக்கு, பெரும்பாலும் பிசகாது. எங்கள் கப்பலை ஆட்டுவது அதன் வயிற்றுக்கு அடியில் சுழலும் ஒரு ரப்பர் டயர். கப்பல் தலைக்கு மேல் கடக்கும்போது டயர் அதை உரசித் தள்ளும், நிறுத்தும்போதும் உரசியே நிறுத்தும். நனைந்தால் டயர் வழுக்கும். ஆட்டமும் ஒழுங்காக ஏறாது, நிறுத்தமும் ஒழுங்காக வராது. மின்னல் இருந்தால் பேச்சே இல்லை. இதைத் தூறல் விழுந்த பிறகு விளக்கினால் யாரும் காது கொடுக்க மாட்டார்கள். ஆகவே மலை கறுத்ததுமே வரிசையின் கடைசியில் ஒரு கயிற்றைக் கட்டி, "இதற்குப் பிறகு வருபவர்களுக்கு உறுதி சொல்ல முடியாது" என்று சொல்லத் தொடங்கிவிடுவேன். காலையில் ஆட்களை ஏற்றுவதற்கு முன் வெறும் கப்பலை ஓட்டிப் பார்த்துப் பதிவேட்டில் கையெழுத்துப் போடும்போது, அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு அந்த டயரின் சத்தத்தைக் கேட்பார். அது பக்தியா வேலையா என்று முதல் வாரம் எனக்குத் தெரியவில்லை.

இடையில் இரண்டு வாரங்கள் அலைக்குளத்துப் பக்கம் மாற்றினார்கள். அங்கே போராட்டம் பருத்தித் துணியோடு. சுடிதாரோடும் லுங்கியோடும் இறங்க வருபவர்களைத் தடுத்தால், வாடகை உடையில் காசு பார்க்கத்தான் இந்த விதி என்று வைவார்கள். உண்மையில் பருத்தியின் நூலிழைகள் பிரிந்து வடிகட்டியை அடைக்கும், சாயம் போகும், நனைந்து கனக்கும் துணி நீரில் காலைச் சுற்றும். வரும்போதே நைலான் உடை எடுத்து வந்தால் வாடகைக்கும் வேலையில்லை, சண்டைக்கும் வேலையில்லை. குளத்தில் கண் எரியும் நெடி அடித்தால் குளோரினை அள்ளிக் கொட்டிவிட்டார்கள் என்றே நானும் நினைத்திருந்தேன். வியர்வையோடும் சிறுநீரோடும் குளோரின் சேர்ந்து உண்டாகும் குளோரமைன்களின் நெடிதான் அது. இறங்குவதற்கு முன் குளியுங்கள் என்று எழுதி வைத்திருப்பது அலங்காரத்துக்கு அல்ல.

அங்கே எனக்குப் பிடித்தது மாலை வேளை. குளத்தின் அடியில் கிடைத்தவற்றை ஒரு மேசையில் பரப்பிக் கணக்கெழுதுவோம்: ஒற்றைத் தோடு, பிள்ளைகளின் அரைஞாண் தாயத்து, எப்போதும் கொலுசு. அந்தப் பகுதியைப் பார்த்துக்கொண்ட அக்காவின் வீடு சிவதாபுரத்தில். வெள்ளிக் கொலுசு வேலை நடக்காத தெருவே இல்லை என்னும்படியான ஊர் அது. அவருடைய வீட்டிலும் மாமனார் காலத்திலிருந்து பட்டறை. அக்கா கொலுசைக் கையில் எடுத்ததும் முதலில் கொக்கியைப் பார்ப்பார். "பத்தவச்ச இடம் விட்டிருக்கு பாரு" என்று காட்டுவார்; மயிரிழை போல ஒரு பிளவு தெரியும். நடந்தால் தாங்கும் கொக்கி, அலையில் கால் உதைக்கும்போது தாங்காது. வெள்ளி அந்த நீரில் மங்குவதும் உண்டு. தொலைத்தவர் தேடி வந்தால், என்ன கொலுசு என்று கேட்காமல், எத்தனை சலங்கை, கொக்கியா திருகா என்று அக்கா கேட்பார். உரியவரானால் தடுமாறாமல் சொல்வார். ஒருமுறை ஒரு பெண் தன் கொலுசைத் திரும்ப வாங்கியதும் 200 ரூபாயை அக்காவின் கையில் திணித்தார். அக்கா அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "பத்தவைக்க இருபது ரூபாதான் ஆகும், வீட்டுக்குப் போறதுக்குள்ள செஞ்சிருங்க" என்றார். கண்டெடுத்த பொருளை உடனே, இன்னொருவர் முன்னிலையில், நேரம் போட்டு எழுதிவிட வேண்டும் என்பதை அவரிடம்தான் கற்றேன். அன்றாடக் கூலிக்கு வேலை பார்க்கும் வெளியூர்ப் பெண் மேல் சந்தேகம் விழுவதற்கு ஒரு நொடி போதும். எழுதிய வரி ஒன்றுதான் துணை.

பிறருக்கு முடியாது என்று சொல்லப் பழகிய எனக்கு, சூப்பர்வைசருக்கு அதைச் சொல்ல நெடுநாள் ஆயிற்று. மார்ச் மாதம் ஒரு வியாழக்கிழமை, பள்ளிச் சுற்றுலா வருகிறது என்று கூப்பிட்டார். மறுநாள் காலை எனக்குச் செய்முறைத் தேர்வு. சொல்லலாம் என்று வாயெடுத்தேன். வாரக் கடைசி வேலைக்கு இனி கூப்பிடாமல் போய்விடுவாரோ என்ற பயத்தில் சரி என்றேன். இரவு எட்டு வரை நின்றேன். மறுநாள் ஸ்பெக்ட்ரோமீட்டரின் வெர்னியர் அளவுகோலைத் தவறாகப் படித்து, முப்பட்டகத்தின் ஒளிவிலகல் எண்ணைக் கண்ணாடிக்கு வாய்க்கவே முடியாத ஓர் எண்ணாகக் கொண்டுவந்து நிறுத்தினேன். ஊரார் பிள்ளைகளை விரற்கடை சுத்தமாக அளந்தவள் தன் தேர்வில் அளக்கத் தவறினாள். அதற்குப் பிறகு, பருவத் தேர்வு அட்டவணை வந்ததும் வர முடியாத நாட்களை ஒரு தாளில் எழுதிச் சூப்பர்வைசரிடம் கொடுத்து, அதையே வாட்ஸ்அப்பிலும் அனுப்பினேன். அவர் கோபிக்கவில்லை. வேறொரு பெண்ணைக் கூப்பிட்டுக்கொண்டார். நான் பயந்த அளவுக்கு நான் இன்றியமையாதவளாகவும் இல்லை, வேண்டாதவளாகவும் இல்லை. 75 சதவீத வருகைப்பதிவு கேட்கும் கல்லூரியில் படிப்பவர்கள், வார நாள் வேலைக்கு ஒப்புக்கொள்வதற்கு முன் அந்தக் கணக்கையும் அதே தாளில் போட்டுப் பார்ப்பது நல்லது.

உட்காருவது பற்றியும் சொல்ல வேண்டும். என் இடத்தில் ஒரு ஸ்டூல் இருந்தது. பார்வையாளர்கள் இருக்கும்போது அதில் உட்காரக் கூடாது என்பது வாய்மொழி உத்தரவு. பார்வையாளர்கள் இல்லாத நேரம் என்று அங்கே எது? தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-ஆம் ஆண்டு செய்த திருத்தம், பணியாளர்களுக்கு இருக்கை வசதி தர வேண்டும் என்கிறது. 1947-ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் பொழுதுபோக்கு இடங்களையும் நிறுவனம் என்ற சொல்லுக்குள் சேர்க்கிறது. மிகைநேர வேலைக்கு இருமடங்கு கூலி என்பதும் அதில் உண்டு. இதையெல்லாம் நான் வேலையை விட்ட பிறகுதான் படித்தேன். சேர்வதற்கு முன் படித்திருந்தால் சண்டை போட்டிருப்பேனா என்பது வேறு. அந்த வியாழக்கிழமை இரவு எட்டு மணி வரை நின்றதற்கு ஒரு நாள் சம்பளம் மட்டும் வாங்கும்போது, மிகைநேரக் கணக்கு என்ன என்று ஒரு வார்த்தையாவது கேட்டிருப்பேன். சீருடைக்கு என்று பிடித்து வைத்த 1,000 ரூபாய் முன்பணத்துக்கு ரசீது கேட்காததும் என் தவறு. கடைசி நாளில் சீருடையைத் துவைத்து மடித்துக் கொடுத்த பிறகும் அதில் 600 ரூபாய்தான் திரும்பியது. காலர் கறை என்றார்கள். சேரும் நாளிலேயே சீருடையைப் படம் பிடித்து வைத்துக்கொண்டிருந்தால், அந்தக் கறை எனக்கு முன்பு அணிந்தவருடையது என்று காட்டியிருக்கலாம்.

உடம்புக்கு வந்ததில் பெரியது கால்தான். அலைக்குளத்து வேலைக்குப் பிறகு ஈரக் காலோடு ஷூவை மாட்டிக்கொண்டு பேருந்தில் வருவேன். இரண்டாம் வாரம் விரல் இடுக்குகள் வெளுத்து, பிளந்து, எரியத் தொடங்கின. மாற்றுக் காலுறை இரண்டு சோடியும் ஒரு பழைய துண்டும் பையில் வைத்துக்கொள்ளும்படி அக்கா முதல் நாளே சொல்லியிருந்தார். நான்தான் சுமை என்று விட்டுவிட்டேன்.

ஜூன் முதல் வாரம் ஊருக்குப் போனபோது, மிஞ்சிய பணத்தில் 6,000 ரூபாயை அப்பாவிடம் கொடுத்தேன். அவர் அதை எண்ணாமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அணையில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது, அங்கேயேதானே இருந்தாய் என்று கேட்டார். சேலம் நகரத்துக்கும் மேட்டூருக்கும் இடையே உள்ள தூரத்தை நான் சொல்லத் தொடங்கியபோது அம்மா என் காலைப் பிடித்து இழுத்து, விரல்களைப் பிரித்துப் பார்த்தார். "நடவுக்கே எறங்கல, அதுக்குள்ள சேத்துப்புண்ணா?" என்று கேட்டுவிட்டு, மருதாணி பறிக்கக் கொல்லைப் பக்கம் போனார்.